பூனைக்காலியும் ஒரு சிட்டிகை மிளகும்

திருநெல்வேலியில் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டித் தாமிரபரணியின் இந்தக் கரைக்கு வந்துவிட்டால், வண்ணார்பேட்டை முழுக்க மருத்துவமனைகள்தான். மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனைக்கூடம், ஸ்கேன் சென்டர், மறுபடியும் மருந்துக்கடை. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், திசையன்விளை, நாங்குநேரி என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இந்த ஊர் என்றாலே ஏதோ ஒரு டாக்டரின் பெயர்தான் நினைவுக்கு வரும். நரம்பு டாக்டரைப் பார்க்கக் கை நடுங்க நடுங்க வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் துணிப்பையில் லெவோடோபா மாத்திரை அட்டை இருக்கும். அதற்குக் கீழே அமுக்கரா சூரணமோ பூனைக்காலி விதைப் பொடியோ இருந்தால் இந்த ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கொஞ்ச தூரத்திலேயே பாளையங்கோட்டை. அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு அதைவிட ஒரு வயது குறைவு. இரண்டு பக்கமும் போய்வருவது இங்கே பழகிப்போன சங்கதி. ஒரு பக்கத்து டாக்டரிடம் மறுபக்கத்து மருந்தைச் சொல்லாமல் இருப்பதும் அப்படித்தான்.

பார்க்கின்சன் நோயில் மூளைச் செல்கள் சாகாமல் காக்க ஒரு மருந்து போதாது, பல சேர்மங்களைக் கூட்டாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடங்களில் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். அந்தக் கூட்டு வைத்தியம் மேற்படித் துணிப்பைகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எதோடு எது சேர்ந்து என்ன செய்தது என்ற கணக்குதான் இல்லை. கூட்டு மருந்தின் கதையே அந்தக் கணக்கின் கதைதான். அதில் தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உள்ள பங்கு பலருக்குத் தெரியாது.

நடுமூளையில் கறுப்பாக ஒரு பட்டை உண்டு. அங்கிருக்கும் செல்களில் நியூரோமெலனின் என்ற நிறமி சேர்ந்திருப்பதால் அந்தக் கறுப்பு. இரண்டு பக்கமும் சேர்த்துச் சில லட்சம் செல்கள்தான். ஆனால் ஒவ்வொரு செல்லும் தன் கிளைகளைப் பரப்பிப் பல லட்சம் இடங்களில் மற்ற செல்களைத் தொட்டு, அங்கெல்லாம் டோபமைனைச் சுரக்கிறது. இவ்வளவு பெரிய கிளைப்பரப்பைப் பராமரிக்க ஓயாமல் ஆற்றல் வேண்டும். செல்லின் மின் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் எப்போதும் முழு மூச்சில் ஓடுகின்றன. கால்சியம் உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கிறது. டோபமைனே ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நச்சாகிறது. இரும்பு படிகிறது. ஆல்பா சினுக்ளின் என்ற புரதம் மடிப்புத் தவறித் திரள்கிறது. மூளையின் காவல் செல்கள் அதைக் கண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. கைநடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் வீட்டார் கவனிப்பதற்குள் அந்தக் கறுப்புப் பட்டையில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியபோது இதில் எதுவும் தெரியாது. சித்த மருத்துவம் இதை வாத நோய்களில் ஒன்றாக வைத்து நடுக்குவாதம் என்றது.

கூட்டு மருந்து என்ற யோசனை பிறந்தது இந்த நிலைமையைப் பார்த்துத்தான். ஐப்பசி மழையில் ஒரு குளத்தின் கரை நாலு இடத்தில் உடைத்துக்கொண்டால், ஒரு உடைப்பை மட்டும் மண்மூட்டை போட்டு அடைத்து என்ன பயன்? மற்ற மூன்றில் தண்ணீர் இன்னும் வேகமாக வெளியேறும். ஆற்றல் குறைவுக்கு ஒன்று, ஆக்சிஜனேற்றத்துக்கு ஒன்று, அழற்சிக்கு ஒன்று என்று சேர்த்துக் கொடுக்கலாமே என்பது கேட்டவுடன் மனதுக்குப் பிடித்துப்போகிற வாதம். இதை இரண்டு காரியங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குறைந்த தண்ணீருக்குப் பதில் வெளியிலிருந்து விடுவது ஒன்று. கரையைக் காப்பது இன்னொன்று. முன்னது பார்க்கின்சன் சிகிச்சையில் அருமையாக நடக்கிறது. பின்னது இன்றுவரை யாருக்கும் கைகூடவில்லை.

1937இல் சேப்பாக்கத்தில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் இங்கிலாந்தின் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தை (மாத்திரையில் லெவோடோபா என்பதும் இதுதான்) பிரித்தெடுத்த கதை அது. காட்டோரம் விளையாடி வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலியின் சுணை நன்றாகத் தெரியும். அந்தக் காயின் ரோமம் மேலே பட்டால் தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்று அரிக்கும். அந்தக் காய்க்குள் இருக்கும் விதையில் எடைக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்குவரை எல்-டோபா இருக்கிறது. தாவர உலகில் இது அபூர்வமான அளவு. சென்னைக்காரர்களுக்கு முன்பே, 1913இல், ஹோஃப்மன் லா ரோஷ் கம்பெனியின் மார்கஸ் குகன்ஹைம் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து இதே பொருளை எடுத்திருந்தார். இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். வேறு பயனொன்றும் தெரியாததால் விஷயம் அங்கேயே நின்றது. சேப்பாக்கத்திலும் அப்படித்தான். மூளையில் டோபமைன் ஒரு செய்திப்பொருளாக வேலை செய்கிறது என்பதே அப்போது எவருக்கும் தெரியாது. பொருள் கிடைத்துவிட்டது, அது எந்த நோய்க்கு என்பது தெரிய இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பதிலுக்கு வழிவிட்டதும் ஒரு இந்தியத் தாவரம்தான். சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று வங்காளத்து மருத்துவர்கள் 1931இலேயே எழுதினார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் தம் நோயாளிகளிடம் கண்டதை பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. ரெசர்பின் கொதிப்பைத் தணித்தது. சாப்பிட்டவர்களில் சிலரை நடுக்குவாதக்காரர்களைப் போலவும் ஆக்கியது. நரம்பு முனைகளில் சேமித்திருந்த டோபமைனை அது காலி செய்துவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடக்கவைத்தார், பிறகு டோபா ஊசி போட்டார். முயல்கள் எழுந்து ஓடின. அதற்காகக் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செடி காலி செய்ததை இன்னொரு செடியில் இருக்கும் பொருள் நிரப்பியது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. மூலிகை என்றால் தீங்கு செய்யாது என்று நம்புகிறவர்கள் கதையின் முதல் பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டெரிஸ் என்ற கொடியின் வேரில் உள்ள ரோடினோன் ஆற்றில் மீனை மயக்கிப் பிடிக்க உலகின் பல இடங்களில் பழங்குடிகள் பயன்படுத்திய நஞ்சு. 2000இல் அதை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றின் கறுப்புப் பட்டைச் செல்கள் சாகத் தொடங்கின. அதுவும் மூலிகைதான்.

வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் பிர்க்மாயரும் 1961இல் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார்கள். நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967இல் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிப் பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். ஆனால் நாளுக்குப் பல கிராம் வேண்டியிருந்தது, வாந்தி பிய்த்துப் பிடுங்கியது. காரணம் எளிது. குடலிலும் ரத்தத்திலும் இருக்கும் ஒரு நொதி, மாத்திரையில் பெரும்பகுதியை மூளையை எட்டுவதற்கு முன்பே டோபமைனாக மாற்றிவிடுகிறது. டோபமைனால் மூளையின் தடுப்பைக் கடந்து உள்ளே போக முடியாது. வெளியில் நின்று குமட்டலைக் கிளப்புவதுதான் அதன் வேலை. அந்த நொதியைத் தடுக்கும் கார்பிடோபா என்ற பொருளைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழானது. கார்பிடோபாவாலும் மூளைக்குள் போக முடியாது. அதுதான் அதன் பெரிய குணம். வெளியில் மட்டும் தடுக்கும், உள்ளே மாற்றம் தடையின்றி நடக்கும். முன்பு தேவைப்பட்டதில் கால்பங்கு லெவோடோபாவே போதும் என்று ஆயிற்று. வண்ணார்பேட்டை மருந்துக்கடைகளில் கேட்கும் சின்டோபா பிளஸ் மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 25 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கின்றன.

பார்க்கின்சன் வைத்தியத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெற்றிபெற்ற கூட்டு இதுதான். இதில் கலந்திருப்பது இரண்டே பொருள். இரண்டாவது பொருளுக்கு நோயின் மேல் சொந்தமாக ஒரு பலனும் இல்லை. முதல் பொருளுக்கு வழித்துணை போவது மட்டுமே அதன் வேலை. எங்கே போகிறது, எந்த வாசலில் நின்றுவிடுகிறது, எதைத் தடுக்கிறது என்பதெல்லாம் தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள். பத்துச் சரக்கைச் சேர்த்து ‘எல்லாம் நரம்புக்கு நல்லது’ என்று சொல்லும் கூட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். இதே காரணத்தால் இன்னொன்றும் புரிந்தது. அந்த நொதிக்கு வைட்டமின் பி6 உதவி வேண்டும். கார்பிடோபா வருவதற்கு முந்தைய காலத்தில், சத்து மாத்திரை என்று பி6 எடுத்துக்கொண்டவர்களுக்கு லெவோடோபா வேலை செய்யாமல் போயிற்று. நல்லது இரண்டு சேர்ந்து கெட்டதான உதாரணம்.

மூலிகைக் கூட்டுக்கும் ஒரு கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அது 2000இல். நாகசயனா, நரம்பு உயிரியலாளர் கே. பி. மோகனகுமார் ஆகியோர் அடங்கிய குழு, ஆயுர்வேத முறையில் சிகிச்சை பெற்ற 18 பார்க்கின்சன் நோயாளிகளைக் கவனித்துப் பதிவுசெய்தது. பசும்பாலில் கலந்து கொடுத்த மருந்தில் நான்கு சரக்கு: பூனைக்காலி விதை, அமுக்கரா வேர், பலா என்று ஆயுர்வேதம் சொல்லும் குறுந்தொட்டி இன வேர், குரோசாணி ஓம இனத்து விதை. 13 பேருக்கு முதலில் உடலைச் சுத்திசெய்யும் சிகிச்சை கொடுத்தார்கள், மீதி 5 பேருக்கு நேராக இந்த மருந்து. சுத்திகரிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் மருந்தைப் பகுத்துப் பார்த்தார்கள். ஒரு வேளை மருந்தில் சுமார் 200 மில்லிகிராம் எல்-டோபா இருந்தது. அதாவது அலோபதி டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒரு வேளை அளவை ஒட்டியே. குரோசாணி ஓம இனத்தில் ஹயோசயமின் வகைப் பொருள்கள் உண்டு. அவை அசெட்டில்கோலினைத் தடுப்பவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் ஷார்கோ நடுக்கத்துக்குக் கொடுத்ததும் இதே வகைப் பொருள்தான். ஒன்று டோபமைனை ஏற்றுகிறது, மற்றொன்று அதன் எதிர்த்தட்டை இறக்குகிறது. பழைய வைத்தியர்கள் இதையெல்லாம் வேதியியலாகத் தெரிந்து செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளியைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள். (பாலில் கலப்பதுதான் இடிக்கிறது. பாலின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் லெவோடோபாவோடு போட்டிபோட்டுக்கொண்டு அதே வாசலில் நுழையப் பார்க்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே போடச் சொல்வதும் அதனால்தான்.)

பூனைக்காலி விஷயத்தில் மிகக் கச்சிதமான சோதனை லண்டனில் நடந்தது. கேட்சன்ஷ்லேகர் குழு 2004இல் வெளியிட்டது. எட்டே நோயாளிகள். யாருக்கு எது போகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு கொடுத்தபோது 34.6 நிமிடத்தில் உடல் இளகியது. வழக்கமான லெவோடோபா கார்பிடோபா மாத்திரைக்கு 68.5 நிமிடம் ஆயிற்று. பலன் நீடித்த நேரமும் பூனைக்காலிக்கே 37 நிமிடம் அதிகம். விதைக்குள் எல்-டோபாவைத் தவிர வேறேதோ துணை செய்கிறது என்ற சந்தேகம் வலுத்தது. அமெரிக்காவில் பணியாற்றிய பால வி. மன்யம், அதே ஆண்டில், பூனைக்காலிப் பொடியில் கோஎன்சைம் கியூ10, என்ஏடிஎச் போன்ற மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் பொருள்களும் உண்டு என்று காட்டி, எலிகளில் அது செல்களைக் காக்கிறது என்றார். இயற்கையே செய்துவைத்த கூட்டு மருந்து என்று கொண்டாட இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பொலிவியாவில் நடந்து 2018இல் வெளியான சோதனையில் 14 பேரைத் தினமும் பூனைக்காலிப் பொடியிலேயே பல வாரம் இருக்கவைத்துப் பார்த்தபோது பாதிப்பேர் நடுவிலேயே விலகிக்கொண்டார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாமல் சிலர், உடல் இயக்கம் மோசமாகிச் சிலர். ஒரு நாள் பரீட்சையில் ஜெயித்தது தினசரி வாழ்க்கையில் தடுமாறியது.

தாமிரபரணியின் மேல்பகுதியில் இதை வேறுவிதமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் சின்னமயிலாறு, இஞ்சிக்குழி போன்ற காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. தென்னகத்துக் காணிக்காரர்கள் பூனைக்காலி இன விதையைப் பயறாகச் சாப்பிடுவதைக் கே. ஜனார்த்தனன், வி. ஆர். மோகன் போன்ற தாவர ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அப்படியே அவித்துத் தின்பதில்லை. வேகவைத்து நீரை வடித்துக் கொட்டி, மறுபடியும் வேகவைத்து வடித்து, இப்படிப் பலமுறை செய்த பிறகுதான் உணவு. வடித்த நீரோடு போவதில் எல்-டோபாவும் ஒன்று. நடுக்குவாதக்காரருக்கு மருந்தானது, பசிக்குப் பயறு தின்கிறவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். நோயாளி வீட்டில் பொடியைக் காய்ச்சுகிறார்களா, ஊறவைக்கிறார்களா, வடிக்கிறார்களா என்பதைப் பொறுத்து அவர் உடம்பில் சேரும் மருந்தின் அளவு மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் இழந்ததை ஈடுகட்டுகிற வேலை. கரையைக் காக்கும் கூட்டு என்ன ஆயிற்று?

அந்தக் கதை 1982 கோடையில் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று மரக்கட்டைபோல உறைந்துபோனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத்துலக்கியபோது அந்தப் போதைப்பொருளில் எம்பிடிபி என்ற மாசு கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் போனதும் மாவோ-பி என்ற நொதி அதை இன்னொரு நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சு கறுப்புப் பட்டைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. மாவோ-பியைத் தடுத்துவிட்டால் எம்பிடிபி கொடுத்தாலும் விலங்குகள் தப்பிக்கின்றன. உலகம் முழுக்க ஆய்வாளர்களுக்கு எலியில் நோயை உண்டாக்க ஒரு புது வழி கிடைத்தது. காக்கும் மருந்தைச் சோதிக்கும் தைரியமும் அதிலிருந்தே வந்தது.

அப்படி வந்ததுதான் டேட்டாடாப். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987இல் தொடங்கிய பெரும் பரிசோதனை. 800 நோயாளிகள். மாவோ-பியைத் தடுக்கும் டெப்ரெனில் ஒரு மருந்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மற்றொன்று. நோயாளிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டெப்ரெனில் மட்டும், ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு இரண்டும் இல்லாத வெற்று மாத்திரை. பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் கூட்டு மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் இந்த நான்கு பிரிவும் கேட்டுவிடுகின்றன. ஒன்று தனியாக எவ்வளவு, மற்றொன்று தனியாக எவ்வளவு, சேர்ந்தால் இரண்டின் கூட்டுத்தொகையா, அதற்கும் மேலா, கீழா? மூன்றாவது பிரிவை மட்டும் பார்த்துவிட்டு ‘என் கூட்டு வேலை செய்கிறது’ என்று சொல்ல முடியாதபடி மற்ற மூன்றும் பக்கத்திலேயே நிற்கின்றன. மருத்துவ ஆராய்ச்சியில் இதைவிட நேர்மையான ஏற்பாடு அதிகம் கிடையாது.

1989இல் முதல் முடிவு வந்தபோது கொண்டாட்டம். டெப்ரெனில் எடுத்தவர்களுக்கு லெவோடோபா தேவைப்படும் நாள் கணிசமாகத் தள்ளிப்போயிற்று. 1993இல் முழுக்கணக்கு வந்தபோது வைட்டமின் ஈக்குப் பூஜ்யம். டெப்ரெனிலோடு சேர்ந்தும் பூஜ்யம். டெப்ரெனிலின் வெற்றியும் கரையத் தொடங்கியது. மாவோ-பி டோபமைனையும் சிதைக்கிற நொதி. அதைத் தடுத்தால் மிச்சமிருக்கும் டோபமைன் கொஞ்சநேரம் கூடுதலாக நிற்கும், நோயாளி சுகமாக உணர்வார். செல் ஒன்றுகூடப் பிழைக்காமலேயே இது நடக்கலாம். காத்ததா, தற்காலிகமாகத் தாங்கியதா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பரிசோதனையால் முடியவில்லை. இந்தக் குழப்பம் பின்னால் வந்த எல்லாவற்றையும் துரத்தியது.

அடுத்தது கிரியேட்டினும் கோஎன்சைம் கியூ10உம். இரண்டும் செல்லின் ஆற்றலோடு சம்பந்தப்பட்டவை. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எம்பிடிபி கொடுத்த எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கிடைத்ததைவிடக் கூடுதல் பாதுகாப்புக் கிடைத்தது. கூட்டு மருந்துக்காரர்கள் மேற்கோள் காட்டும் அருமையான முடிவு அது. மனிதர்களிடம் நடந்த பெரிய பரிசோதனைகளில் இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதித்தார்கள். கோஎன்சைம் கியூ10ஐ வைட்டமின் ஈயோடு 600 பேருக்குக் கொடுத்த பரிசோதனை பலனில்லை என்று பாதியில் நின்றது, 2014இல் முடிவு வெளியானது. கிரியேட்டின் சோதனையில் 1741 பேர். அதுவும் நடுவில் நின்றது. இரத்த அழுத்த மருந்து இஸ்ரடிபின், யூரிக் அமிலத்தை ஏற்றும் இனோசின் என்று வரிசையாகத் தோல்விகள். லெவோடோபாவே செல்லைக் காக்குமா அழிக்குமா என்ற நெடுநாள் சண்டைக்கு 2019இல் நெதர்லாந்துக்காரர்கள் 445 பேரிடம் சோதித்து முடிவு சொன்னார்கள்: நோயின் போக்கை அது மாற்றவில்லை. சர்க்கரை நோய்க்கான எக்செனடைடு 2017இல் 62 பேரிடம் நம்பிக்கை தந்து, 2025இல் பெரிய பரிசோதனையில் கைவிட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த லிக்சிசெனடைடு மட்டும் 2024இல் 156 பேரிடம் ஓராண்டில் சிறு வித்தியாசம் காட்டியிருக்கிறது, குமட்டலோடு சேர்த்து.

எலியில் ஜெயித்தது மனிதனிடம் ஏன் தோற்கிறது? எலிக்கு நோய் நாலைந்து நாளில், ஊசியில் வருகிறது. காக்கும் மருந்தை நஞ்சுக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். மனிதனுக்கு அது பத்திருபது ஆண்டில் ஊர்ந்து வருகிறது. டாக்டரிடம் வரும்போது பாதி முடிந்த கதை. இதை ஆய்வாளர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் எலியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை இந்த எலிப் பாதையில் நிறைய உழைத்திருக்கிறது. தமிழரசன் மணிவாசகமும் சக ஆய்வாளர்களும் அமுக்கரா, கறுப்புத் தேநீரின் தியாஃப்ளேவின், வல்லாரையின் ஏசியாடிக் அமிலம் என்று ஒவ்வொன்றையும் எம்பிடிபிக்கும் ரோடினோனுக்கும் எதிராக எலியிலோ செல்களிலோ நிறுத்திப் பார்த்து, காக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் மஞ்சளின் குர்குமினைப் பற்றி இதேபோல வேலை நடந்தது. இந்தக் கட்டுரைகளின் தலைப்புகள் மட்டும் கூரியர் வேகத்தில் செய்தித்தாளுக்குப் போய், ‘வல்லாரை சாப்பிட்டால் நடுக்குவாதம் வராது’ என்றாகி, வாட்ஸாப்பில் சுற்றி, கடைசியில் துணிப்பைக்குள் வந்துசேர்வதுதான் சிக்கல். அதற்கு ஆய்வாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கூட்டுக் கணக்கு உண்மையாகவே போட்டிருக்கிறார்கள். குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் வெளியேற்றிவிடும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷோபாவும் சகாக்களும் 2 கிராம் குர்குமினை மனிதர்களுக்குத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்ணுக்கே அகப்படவில்லை எனலாம். 20 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்ததும் உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. பிப்பரின் மிளகின் காரம். மஞ்சள்பாலில் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போடும் வீடுகளுக்கு இது பெரிய ஊக்கம். கார்பிடோபாவைப் போலவே மிளகும் இங்கே வழித்துணைதான். ஆனால் அது ஆள் பார்த்துத் துணை போவதில்லை. கல்லீரல் வெளியேற்ற நினைக்கும் வேறு மருந்துகளையும் தடுத்து நிறுத்திவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் பினைட்டோயினின் ரத்த அளவைப் பிப்பரின் கூட்டுவதாக இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ரசத்தில் போடும் மிளகால் ஒன்றும் ஆகாது. குளிகையாக வடித்து விற்கும் பிப்பரினைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. குர்குமினின் பெயருக்கும் அடி விழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் 2017இல் எழுதிய நீண்ட கட்டுரை, குர்குமின் பல ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொய்யாகவே ‘ஆம்’ என்று காட்டும் மூலக்கூறு என்றது.

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதும் நம்பகமாக இல்லை. அமெரிக்காவில் விற்கும் பூனைக்காலிக் குளிகைகளைப் பகுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் முதல் 241 மில்லிகிராம்வரை லெவோடோபா இருந்தது. ஒன்று சும்மா பொடி, மற்றொன்று இரண்டு சின்டோபா பிளஸ்ஸுக்கும் மேலே. லெவோடோபா மாத்திரையின் மேல் இரண்டாவதைச் சாப்பிடுகிறவருக்குக் கைகால் தானாக நெளியும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். வீட்டார் அதை நோய் முற்றியதாக நினைப்பார்கள். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். அடுத்த பொட்டலத்தில் பொடி வீரியமில்லாமல் இருந்தால் நோயாளி விறைத்துப்போவார். கூட்டு வைத்தியம் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு தெரியாத கூட்டைக் கூட்டு என்று சொல்வதுதான் தப்பு.

பிரிட்டனில் இப்போது ஆக்ட்-பிடி என்ற பெயரில் ஒரு பரிசோதனை தொடங்கியிருக்கிறது. 1600 பேரைச் சேர்ப்பது திட்டம். பல மருந்துகள் ஒரே வெற்று மாத்திரைப் பிரிவோடு ஒப்பிடப்படும். தோற்கும் மருந்து வெளியே போகும், புதிது உள்ளே வரும், பரிசோதனை நிற்காது. முதலில் களமிறங்கியிருக்கும் இரண்டும் புது மருந்துகள் அல்ல. கொதிப்புக்குப் போடும் டெல்மிசார்ட்டன், வயதானவர்களைப் படுத்தும் ப்ராஸ்டேட் தொல்லைக்குக் கொடுக்கும் டெராசோசின். முன்னது வண்ணார்பேட்டையில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தனித்தனியாகத் தேறியவற்றை மட்டும் பிறகு சேர்த்துப் பார்ப்பது என்ற ஒழுங்குக்கு இது ஒரு வாசல்.

பாளையங்கோட்டைக்கும் ஹைகிரவுண்டுக்கும் இடையே இதைப்போல ஒன்றைச் சிறிய அளவில் செய்ய முடியாதா என்று கேட்கலாம். டேட்டாடாப்பின் நான்கு பிரிவே போதும். அமுக்கரா மட்டும், பூனைக்காலி மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது. எல்லாருக்கும் வழக்கமான மாத்திரை தொடரும். ஒவ்வொரு தவணைப் பொடியிலும் எல்-டோபா எவ்வளவு என்று அளந்து, அதற்குத் தக்கபடி மாத்திரையைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காத்ததும் தாங்கியதும் மறுபடியும் குழம்பும். விதைக்குக் காப்புரிமை கிடையாது, ஆகவே எந்தக் கம்பெனியும் பணம் போடாது. சென்னையில் இருக்கும் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்போன்ற அரசு அமைப்புகள்தான் போட வேண்டும். பொடியை அளக்கும் கருவி பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. பெரிய செலவு வேறிடத்தில் வரும். நோயின் உண்மையான நிலையை அளக்க, முந்தின நாள் மாலையோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் முதல் வேளை போடும் முன்பு நோயாளியைப் பார்க்க வேண்டும். மாத்திரை இல்லாத காலையில் சங்கரன்கோவிலிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ ஒருவரால் பஸ் ஏற முடியாது. முதல் நாளே கூட்டிவந்து, துணைக்கு ஒரு ஆளோடு, இரவு தங்கவைக்க வேண்டும். திட்டத்தை எழுதுகிறவர்கள் அந்தப் படுக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது.